பெயரில்லாத ராணியும் பெருமுது பெண்டிரும்

2019இல் வேலூரைப் பிரித்து ராணிப்பேட்டையைத் தனி மாவட்டமாக்கினார்கள். அந்தப் பெயரில் இருக்கும் ராணி யார் என்று கேட்டால் வட மாவட்டங்களில் பலரும் சொல்லிவிடுவார்கள்: செஞ்சித் தேசிங்கு ராஜனின் மனைவி. கணவன் போரில் செத்ததும் அவள் தீயில் இறங்கினாள் என்றும், அவனைத் தோற்கடித்த ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானே மனமிரங்கி அவள் நினைவாகப் பாலாற்றங்கரையில் ஒரு பேட்டையை அமைத்தான் என்றும் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். சரி, அவள் பெயர் என்ன? ராணிபாய் என்கிறார்கள். ராணி என்பது பதவி. பாய் என்பது வடக்கே பெண்கள் பெயருக்குப் பின்னால் சேர்க்கிற மரியாதைச் சொல். இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை. தேசிங்குவின் குதிரைக்குப் பெயர் பாராசாரி. அவன் நண்பனுடைய குதிரைக்குப் பெயர் நீலவேணி. குதிரைகளுக்குப் பெயர் வைத்த கதைப்பாடல், மனைவியைப் பதவிப் பெயரோடு விட்டுவிட்டது.

தேசிங்கு ராஜன் கதையைத் தெருவில் பாடக் கேட்டவர்கள் நம் பாட்டிமார் தலைமுறையோடு குறைந்துபோனார்கள். பெரிய எழுத்துப் புத்தகமாகப் படித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1714 அக்டோபரில் நடந்த சண்டை அது. கப்பம் கட்ட மறுத்த இளம் ராஜபுத்திரன், எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய படையை எதிர்த்துப் போய்ச் சாகிறான். கதையில் அவன் மனைவி வருகிற இடம் மிகக் குறைவு. போருக்குமுன் விடைபெற வருகிறான். இருவருக்கும் நடுவில் ஒரு திரை. திரையைத் தாண்டி நீளும் கையிலிருந்து வெற்றிலையை வாங்கிக்கொண்டு போகிறான். அடுத்து அவளைச் செட்டிக்குளக் கரையில்தான் பார்க்கிறோம், சிதைக்குப் பக்கத்தில். இன்றும் கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த மேடையைக் காட்டுகிறார்கள்.

கதையில் இன்னொரு பெண்ணும் உண்டு. தேசிங்குவின் முஸ்லிம் நண்பன் கல்யாணப் பந்தலில் இருக்கும்போது ஓலை வருகிறது. அப்படியே எழுந்து போர்க்களத்துக்குப் போகிறான். இந்து – முஸ்லிம் நட்புக்கு இந்த இடத்தை எத்தனையோ மேடைகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள், நியாயமாகவே. ஆனால் பந்தலில் விட்டுவரப்பட்ட பெண்ணைப் பற்றி அந்த மேடைகளில் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. தேசிங்குவோடு குதிரையேறிப் போனவர்கள் சில நூறு பேராவது இருந்திருக்க வேண்டும். அவர்கள் வீட்டில் அன்றிரவு உலை வைத்தவர்கள் யார், வைக்காதவர்கள் யார், மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போனார்கள் என்று நான் படித்த வடிவங்களில் ஒரு வரி இல்லை. பட்டாளத்துக்காரன் மனைவி என்றால் காத்திருப்பாள், பிறகு எரிவாள். நடுவில் அவள் மற்றப் பெண்களோடு சேர்ந்து என்ன செய்தாள் என்பது பாட்டுக்குரிய பொருளாகவே படவில்லை.

செஞ்சிக்கு வேறு நினைவுகளும் இருந்தன என்பதால்தான் இதைச் சொல்கிறேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியப் படைத்தளங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது தமிழ்நாட்டிலிருந்து செஞ்சிக் கோட்டை மட்டும் இடம்பெற்றது. சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயர்களுக்குத் தப்பி 1690களில் இங்கிருந்துதான் ஆண்டான். அவன் மனைவி தாராபாய் 1694 வாக்கில் இங்கே வந்து சேர்ந்தாள். 1698இல் கோட்டை விழுந்தது. 1700இல் ராஜாராம் இறந்தான். இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காத தாராபாய், சின்னஞ்சிறு மகனை அரியணையில் வைத்துவிட்டு, ஔரங்கசீப்பின் படைக்கு எதிராக ஏழு வருடம் போரை நடத்தினாள். அதே கோட்டை, பதினாறு வருட இடைவெளி, இரண்டு இளம் விதவைகள். ஊர் தன் பாட்டுக்கு எரிந்தவளைத் தேர்ந்துகொண்டது. தாராபாய் நம்மூர்க்காரி இல்லையே என்று சொல்லலாம். தேசிங்குவும் புந்தேல்கண்டுக்காரன்தான்.

எரிந்தவளுக்குப் பதிலாக வாளெடுத்தவளை உட்காரவைத்தால் கணக்கு நேராகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பெண்ணியப் பாடத்திட்டங்களே அந்த வேலையைச் சில நேரம் செய்கின்றன; ஒரு வீராங்கனையின் படத்தை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கின்றன. நான் தேடுவது வேறு ஒரு கூட்டத்தை. அவர்களைக் கண்டுபிடிக்க 1714ஐ விட்டு மிகவும் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

பத்துப்பாட்டில் மிகச் சிறியது முல்லைப்பாட்டு. நப்பூதனார் பாடியது, 103 அடி. மன்னன் பாசறையில் இருக்கிறான், மனைவி வீட்டில் இருக்கிறாள், மழைக்காலம் வந்துவிட்டது. முல்லைத் திணைக்கு உரிய ஒழுக்கம் ‘இருத்தல்’ என்று வகுப்பில் படித்திருப்போம். ஆற்றியிருத்தல், கற்போடு காத்திருத்தல். தேர்வில் எழுதினால் மதிப்பெண் உண்டு. ஆனால் பாட்டைத் திறந்தால் முதலில் வெளியே கிளம்பிப் போவது அரசி அல்ல, வயதான பெண்கள். பெருமுது பெண்டிர் என்று பாட்டு அவர்களைச் சொல்கிறது. மழை பெய்த மாலையில், நாழியில் நெல்லும் அப்போது மலர்ந்த முல்லையும் எடுத்துக்கொண்டு ஊர் எல்லைக்குப் போகிறார்கள். பூவைத் தூவிக் கும்பிட்டுவிட்டு, யார் வாயிலிருந்தாவது நல்ல சொல் விழுகிறதா என்று காதைத் தீட்டி நிற்கிறார்கள். விரிச்சி கேட்பது என்பார்கள். அங்கே ஒரு இடைச்சிப் பெண், குளிருக்குக் கைகளைத் தோளில் கட்டிக்கொண்டு நிற்கிறாள். தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம், உங்கம்மா இப்ப வந்திடும் என்கிற மாதிரி ஒரு பேச்சு. அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்து அரசியிடம் சொல்கிறார்கள்: நல்ல வாக்கு கிடைத்தது, உன் கணவன் வென்று வருவான், வருந்தாதே.

நான் இந்த இடத்தில் வகுப்பை நிறுத்திவிடுவேன். ஒரு பெண்ணின் அச்சத்தைத் தாங்க எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்வேன். கிழவிகள், கன்றைத் தேற்றும் இடைச்சி, அந்தப் பக்கம் பாசறையில் இடுப்பில் வாள் கட்டிக்கொண்டு விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளும் பெண்கள். போர் என்பது ஆண்கள் போய் வருகிற இடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். முல்லைப்பாட்டில் அதன் இரண்டு முனைகளிலும் பெண்கள் வேலையாக இருக்கிறார்கள். மறைமலையடிகள் 1903இல் எழுதிய ஆராய்ச்சியுரை பாட்டின் அமைப்பை விரித்துக் காட்டியது, தமிழ்த் திறனாய்வில் அதற்குப் பெரிய இடம் உண்டு. இந்த வேலையாட்கள் கணக்கை எடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆறுதல் பலிக்கவில்லை. கிழவிகள் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லியும் அரசி கண்ணீர் விட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். தேற்றுவது எவ்வளவு கடினமான, பலன் தெரியாத உழைப்பு என்று நப்பூதனாருக்குத் தெரிந்திருக்கிறது. அதே பாட்டில், மன்னன் தூங்காமல் அடிபட்ட யானைகளையும் செத்துப்போன வீரர்களையும் நினைத்துக்கொண்டிருக்கிறான். நல்ல மன்னன். அந்த வீரர்களின் மனைவிகளுக்காக யாராவது நாழி நெல்லோடு ஊர் எல்லைக்குப் போனார்களா? பாட்டு சொல்லவில்லை. சேவை மேலே பார்த்துத்தான் போகிறது.

புறநானூற்று 246ஆம் பாட்டையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு பாடியது. இவளுக்கும் பெயர் இல்லை. பெரிய கோவின் பெண்டு, அவ்வளவுதான். தீயில் விழப் போகிறவளைச் சான்றோர் தடுக்கிறார்கள். அவள் மறுத்துச் சொல்லும் பதிலில் காதலைவிடச் சாப்பாடு அதிகம். நெய் தொடாத பழஞ்சோற்று உருண்டை, எள் துவையல், வேளைக்கீரை, பாய்கூட இல்லாமல் பரல் கல்லில் படுக்கை. இதுதானே நீங்கள் விதவைக்கு வைத்திருக்கும் வாழ்க்கை, அது எனக்கு வேண்டாம் என்கிறாள். கற்பின் உச்சம் என்று உரைமரபு இதைக் கொண்டாடியது. எனக்கு இது ஒரு குற்றப்பத்திரிகையாகப் படுகிறது. சான்றோர் வந்து தடுக்கிறார்கள். மாற்றுச் சோறு எதுவும் கொண்டுவரவில்லை. அவளைச் சூழ ஒரு பெருமுது பெண்டிர் கூட்டம் இருந்திருந்தால், படுக்கப் பாயும் உப்புப் புளியும் கௌரவமும் கிடைத்திருந்தால் அந்தப் பாட்டே வேறாக இருந்திருக்கும்.

இன்று அந்தப் பாய்க்குப் பெயர் குடும்ப ஓய்வூதியம்.

செஞ்சி – விழுப்புரம் சாலையை விட்டு உள்ளே போனால் எங்கள் தளவானூர். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயில் இங்கே இருக்கிறது. அதற்கு அவன் வைத்த பெயர் சத்ருமல்லேசுவரம். சத்ருமல்லன், பகைவருக்கு மல்லன், என்பது அவன் தனக்குச் சூட்டிக்கொண்ட போர்ப் பட்டம். ஆயிரத்து நானூறு வருடமாகப் பாறையில் நிற்கிறது. இதே ஊர்ப்பக்கம், ஓய்வுபெற்ற ராணுவ சுபேதார் ஒருவரின் மனைவி இருக்கிறார். மிலிட்டரிக்கார அக்கா என்றால்தான் தெருவில் தெரியும். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஜபல்பூர் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண்ணிடம் இந்தி பேசக் கற்றுக்கொண்டவர். அந்த இந்தியும் பத்தாம் வகுப்புப் படிப்பும்தான் முதலீடு. சுற்று வட்டாரத்தில் படைவீரர் வீட்டில் சாவு விழுந்தால் முதல் ஒரு வாரம் கழித்து அவரைத் தேடித்தான் வருகிறார்கள்.

என்ன வேலை என்று கேட்டால் சொல்லி மாளாது. பட்டாளத்தில் கல்யாணம் பதிவானால்தான் மனைவி மனைவியாவாள். அதற்குப் பார்ட் டூ ஆர்டர் என்று ஒன்று வந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் சேர்ந்தபோது யாரோ ஒரு கிளார்க் அந்தப் பெண்ணின் பெயரை ஆங்கிலத்தில் எப்படியோ எழுதியிருப்பார். ஆதாரில் வேறு எழுத்து. ஓய்வூதிய உத்தரவில் பிறந்த தேதி இருக்காது, அல்லது தப்பாக இருக்கும். ‘லட்சுமி’யில் ஒரு எழுத்து கூடக்குறைய இருந்தால் பணம் நின்றுவிடும். திருத்த ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டும், அது மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், வேறு பிரிவு என்றால் வடநாட்டில் எங்கோ. இப்போது ஸ்பர்ஷ் என்று எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. வருடா வருடம் உயிரோடு இருக்கிறேன் என்று காட்டக் கைரேகை வைக்க வேண்டும். களையெடுத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. அக்கா அந்தக் கையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து மறுபடி மறுபடி வைக்கச் சொல்வார். விழுப்புரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போவார். சில வீடுகளில் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, எந்தப் பணம் சட்டப்படி யாருக்கு என்று சொல்லிக் கெட்ட பேரும் வாங்கிக்கொள்வார்.

பெரிய சேவை அக்கா என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். “சேவையாவது ஒண்ணாவது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் போய் நின்னப்ப எனக்கு யாரு இருந்தா?” என்றார்.

ராணுவத்துக்குள் இந்த வேலைக்கு முறையான அமைப்பு உண்டு. ராணுவ மனைவியர் நலச் சங்கம், ஆவா என்று சுருக்கமாகச் சொல்வது, 1966இல் தொடங்கியது. தலைமைத் தளபதியின் மனைவிதான் தலைவர். அங்கிருந்து படியிறங்கி வந்தால் ஒவ்வொரு மட்டத்திலும் அந்தந்த அதிகாரியின் மனைவி, கடைசியில் யூனிட் அளவில் கமாண்டிங் ஆபிஸரின் மனைவி. அவர்கள் செய்வதைச் சிறிதாக்கிச் சொல்ல மாட்டேன். சிறப்புக் குழந்தைகளுக்கான ஆஷா பள்ளிகள், தொழிற்பயிற்சி, கைம்பெண்களுக்கு உதவி என்று எத்தனையோ பெண்கள் பயன்பெற்றிருக்கிறார்கள். அடிக்கடி ஊர் மாறும் வாழ்க்கையில், மொழி தெரியாத இடத்தில், பிரசவ வலி எடுத்த ராத்திரியில் கதவைத் தட்ட ஒரு வீடு இருப்பது சாதாரணம் இல்லை.

ஆனால் யாரும் தேர்ந்தெடுக்காத தலைமை அது. கணவன் பதவி உயர்ந்தால் மனைவியின் பொறுப்பும் உயரும், அவன் ஓய்வு பெற்றால் இவளும் மறுநாள் ஓய்வு. அவளுடைய படிப்பு, திறமை, விருப்பம் எதுவும் கணக்கில் இல்லை. கீழே சிப்பாயின் மனைவிக்கோ ஃபேமிலி மீட்டிங் என்றால் போய்த்தான் ஆக வேண்டும். புடவையை இஸ்திரி போட்டு, குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு, மேம்சாப் வரும்வரை வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டும். எதிர்ப்பாட்டு நடனத்துக்கு ஒத்திகை வேறு. அக்காவிடம் இதைக் கேட்டால் முதலில் சிரிப்பார், பிறகு, “நல்ல மேம்சாப்பும் இருந்தாங்கம்மா, பேரு மறக்க மாட்டேன்” என்பார். நல்லவரா இல்லையா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்பதே அதில் இருக்கும் சிக்கல். முல்லைப்பாட்டில் சேவை மேலே போனது, இங்கே மேலிருந்து கீழே வருகிறது. அக்கா செய்வது பக்கவாட்டில் போகிறது. மூன்றுக்கும் சம்பளம் இல்லை என்பது மட்டும் பொது. சிந்தியா என்லோ என்ற பெண்ணியச் சிந்தனையாளர் 1983 முதலே இதை எழுதிவருகிறார்: ராணுவம் நடப்பது மனைவிகளின் கூலியில்லா உழைப்பால், அதை அன்பு என்றும் கடமை என்றும் பெயர் மாற்றிவிட்டால் கணக்கில் வராது.

2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ படத்தை இந்த இடத்தில் பேசாமல் போக முடியாது. ராஜ்குமார் பெரியசாமி இயக்கியது. ஷோபியானில் 2014 ஏப்ரலில் இறந்து அசோக சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. தமிழில் ராணுவப் படம் ஒன்று மனைவியின் குரலில் சொல்லப்பட்டது பெரிய மாற்றம். சாய் பல்லவியின் நடிப்பு அதைத் தாங்கியது. என் மாணவிகளில் பாதிப்பேர் அந்தப் படத்தை இந்துவுக்காகத்தான் இரண்டாம் முறை பார்த்தார்கள். திரை விலகியது, உண்மைதான். விலகிய பிறகு தெரிவது யார்? தொலைபேசிக்குக் காத்திருப்பவள், அழமாட்டேன் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றுபவள். மூதின்முல்லைத் தாய்மார்களின் பேத்தி. அவளைச் சுற்றிப் பெற்றோர், குழந்தை எல்லாரும் இருக்கிறார்கள். சக ராணுவ மனைவிகளோ பின்னணியில் கடந்துபோகிறார்கள். ஒரே சண்டையில் வேறு வீரர்களும் சாகிறார்கள். அந்த வீடுகளுக்கும் இவளுக்கும் இடையே ஒரு பேச்சு நடந்திருக்கலாம் என்ற எண்ணத்துக்கே படத்தில் இடம் குறைவு. துக்கம் தனியாள் சாதனையாகிவிடுகிறது. கண்ணீரை அடக்கியவளுக்குக் கைதட்டும் அரங்கம், கைரேகை விழாத கிழவியோடு பஸ்ஸில் போகிறவளை எந்தக் காட்சியில் வைத்துப் பார்க்கும்?

அரசின் பேரேடும் இவர்களைத் தனித்தனியாகத்தான் பார்த்தது, அதுவும் கணவன் வீட்டுச் சொத்தாக. வீரதீர விருது பெற்றவர் இறந்தால் அதற்குரிய மாதத்தொகை மனைவிக்கு வரும். அவள் மறுமணம் செய்தால் நின்றுவிடும், செத்தவனின் சகோதரனை மணந்தால் மட்டும் தொடரும். 2017 நவம்பரில்தான் பாதுகாப்பு அமைச்சகம் அந்த நிபந்தனையை நீக்கியது. இது எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஹரியானா – பஞ்சாப் பக்கத்துக் கரேவா வழக்கம் வரை போகும். விதவையைக் கொழுந்தனுக்குக் கட்டிவைத்து நிலம் பிரியாமல் பார்த்துக்கொள்வது. பிரிட்டிஷ் அரசு அந்த வழக்கத்துக்கு எப்படித் துணைநின்றது என்று வரலாற்றாசிரியர் பிரேம் சௌத்ரி விரிவாகக் காட்டியிருக்கிறார். படைக்கு ஆள் கொடுத்த பகுதி அது. நம் பக்கம் அந்த வழக்கம் இல்லை, ஆனாலும் விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது. பெருங்கோப்பெண்டு கேட்ட பாயைக் கொடுத்தார்கள். அதை அந்த வீட்டுக்குள்தான் விரிக்க வேண்டும் என்றார்கள்.

2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2023இல் நூறு பேருக்கு மேல் கர்னல் பதவிக்குத் தேர்வானார்கள், யூனிட்டுகளுக்குத் தலைமையேற்கப் போனார்கள். அப்படியானால் அந்த யூனிட்டில் ஃபேமிலி மீட்டிங்கை யார் கூட்டுவார்? சிப்பாய்களின் மனைவிகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, டீயும் சமோசாவும் ஆறிக்கொண்டிருக்க, கமாண்டிங் ஆபிஸரின் கணவர் வந்து குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயா, வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று விசாரிப்பாரா? வகுப்பில் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் இருந்த ஒருத்தி மட்டும் சிரிக்காமல், “அவருக்குச் சம்பளம் போட்டுக் குடுத்துடுவாங்க மேடம்” என்றாள்.